மாமாவின் காதும் ஒரு ஸ்கேன் சிடியும்

ஸ்கேன் சென்டரிலிருந்து வெளியே வரும்போது கையில் ஒரு பெரிய கவர் தருவார்கள். உள்ளே பிலிம், ரிப்போர்ட், கூடவே ஒரு சிடி இருக்கும். பிலிமையும் ரிப்போர்ட்டையும் டாக்டரிடம் காட்டுவோம். சிடி கவரிலேயே கிடந்து பீரோவின் மேல் தட்டுக்குப் போய்விடும். இப்போது சில இடங்களில் சிடிக்குப் பதிலாக மொபைலுக்கு ஒரு லிங்க் அனுப்புகிறார்கள். அதையும் நாம் திறப்பதில்லை.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு சிடி இருக்கலாம். அதில் என்ன இருக்கிறது, வீட்டுக் கம்ப்யூட்டரில் அதை எப்படித் திறப்பது, திறந்த பிறகு எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்பதை இந்தக் கட்டுரையில் பார்க்கலாம். இதில் கடைசி விஷயத்தை நான் தப்பு செய்துதான் கற்றுக்கொண்டேன். அந்தத் தப்பால் என் தாய்மாமாவின் சிகிச்சை மூன்று வாரம் தள்ளிப்போனது.

மாமா திண்டுக்கல்லில் பூட்டுத் தொழிலாளி. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற அதே திண்டுக்கல் பூட்டுதான். பூட்டைச் செய்து முடித்ததும் காதருகே வைத்துச் சாவியைத் திருப்புவார். லீவர்கள் ஏறி இறங்கும் சத்தத்திலேயே எது சரியாக உட்காரவில்லை என்று சொல்லிவிடுவார். ஆனால் அவர் பூட்டை வைப்பது எப்போதும் வலது காதில்தான். இடது காதில் சின்ன வயதிலிருந்தே சீழ் வரும். கிணற்றில் குதித்து நீந்திய வயதில் ஆரம்பித்தது என்பார். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய், கோழி இறகு, மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்து என்று நாற்பது வருடம் ஓட்டிவிட்டார். பட்டறையில் நாள் முழுக்கச் சுத்தியல் சத்தம். காது மந்தமானதற்கு அதுதான் காரணம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டோம்.

சென்ற ஆண்டு பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது மாமாவுக்குத் தலைசுற்றல். காதைத் துடைக்க விரலை வைத்து அழுத்தினாலே வீடு சுற்றுகிறது என்றார். காது டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் மைக்ரோஸ்கோப் வழியாகப் பார்த்து, சீழை உறிஞ்சி எடுத்துவிட்டு, "இது சும்மா சீழ் வர்ற காது மாதிரி தெரியலை. ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்துட்டு வாங்க" என்றார். டெம்போரல் போன் எனப்படும் காது எலும்புக்கான ஸ்கேன் அது.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எல்லாக் காது வலிக்கும் ஸ்கேன் தேவையில்லை. சளி பிடித்த குழந்தைக்கு இரவில் காது வலித்தால் டாக்டர் ஓட்டோஸ்கோப் என்ற சின்ன விளக்குக் கருவியால் செவிப்பறையைப் பார்த்தே மருந்து தருவார். அதற்குப் போய் ஸ்கேன் எடுக்கச் சொல்லி நீங்களாகக் கேட்காதீர்கள். சி.டி. ஸ்கேனில் கதிர்வீச்சு உண்டு, அதிலும் குழந்தைகளுக்குக் காரணமின்றி எடுக்கக் கூடாது. காதுக்குப் பின்னால் வீங்குவது, முகம் ஒரு பக்கம் இழுப்பது, காய்ச்சலோடு கடும் தலைவலியும் வாந்தியும் வருவது, மாமாவைப் போலப் பல வருடம் சீழ் வந்து தலை சுற்றுவது போன்ற நிலைகளில்தான் ஸ்கேன் தேவைப்படும்.

சிடிக்குள் என்ன இருக்கிறது?

பிலிமும் சிடியும் அன்றைக்கே கிடைத்தன. ரிப்போர்ட் மறுநாள் என்றார்கள். என் லேப்டாப்பில் சிடி டிரைவ் கிடையாது. இப்போது வரும் பெரும்பாலான லேப்டாப்களில் இல்லை. பக்கத்துத் தெரு போட்டோ ஸ்டுடியோவில் யு.எஸ்.பி.யில் சொருகும் டி.வி.டி. டிரைவை இரவல் வாங்கி வந்தேன்.

சிடியைத் திறந்தால் முதலில் குழப்பமாகத்தான் இருக்கும். டைகாம்டிர் என்று ஒரு பைல், ஒரு போல்டர், அதற்குள் நூற்றுக்கணக்கான பைல்கள். பலவற்றுக்கு எக்ஸ்டென்ஷனே இருக்காது. டபுள் கிளிக் செய்தால் எதைக் கொண்டு திறப்பது என்று விண்டோஸ் நம்மையே கேட்கும். இவை டைகாம் என்ற வகை பைல்கள். அமெரிக்காவில் கதிரியக்க டாக்டர்களின் சங்கமும் மின்கருவித் தயாரிப்பாளர்களின் சங்கமும் சேர்ந்து 1985-ல் ஒரு பொது விதியைக் கொண்டு வந்தன. அதற்கு முன் ஒவ்வொரு கம்பெனி மெஷினும் தன் படத்தைத் தன் பாஷையில்தான் எழுதி வந்தது. அந்த விதி வளர்ந்து 1993-ல் டைகாம் என்ற பெயர் பெற்றது. அதனால்தான் திண்டுக்கல்லில் எடுத்த ஸ்கேனைச் சென்னையிலோ சிங்கப்பூரிலோ உள்ள டாக்டரும் திறந்து பார்க்க முடிகிறது.

டைகாம் பைலின் தொடக்கத்தில் 128 பைட் காலியிடம் விடப்பட்டிருக்கும். அதன்பின் 'டி.ஐ.சி.எம்.' என்ற நான்கு எழுத்துகள். பிறகு நோயாளியின் பெயர், வயது, ஸ்கேன் எண், தேதி, மெஷின் விவரம் எல்லாம் வரிசையாக வரும். அதற்குப் பிறகுதான் படம். ஒரு படம் 512-க்கு 512 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 2 பைட். பெருக்கிப் பார்த்தால் ஒரு படம் சரியாக 512 கேபி. முந்நூறு படம் இருந்தால் 150 எம்பி.

சிடியிலேயே ஒரு வியூவர் புரோகிராமும் பெரும்பாலும் இருக்கும். அது பழசாக இருந்தால் புது விண்டோஸில் மக்கர் செய்யும். மைக்ரோடைகாம், வீசிஸ் போன்ற வியூவர்களை இன்டர்நெட்டிலிருந்து சொந்த உபயோகத்துக்கு இலவசமாக டவுன்லோட் செய்துகொள்ளலாம். மேக் கம்ப்யூட்டர் என்றால் ஹோரோஸ் இருக்கிறது. முதலில் சிடி முழுவதையும் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு போல்டருக்குக் காப்பி செய்யுங்கள். வியூவரைத் திறந்து அந்த போல்டரை அதன் மேல் இழுத்துப் போட்டால் போதும். ஒரே சிடியில் மூன்று நான்கு சீரிஸ் இருக்கும். எலும்புக்கானதாகக் குறிக்கப்பட்டதைத் தேர்ந்தெடுத்து, மவுஸ் வீலை மெதுவாக உருட்டுங்கள். மண்டையோட்டை மெல்லிய வில்லைகளாக அரிந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பது போல இருக்கும். ஒரு வில்லையின் தடிமன் அரை மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும்.

ஒவ்வொரு புள்ளியும் ஒரு எண்

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நாம் மொபைலில் எடுக்கும் போட்டோவில் ஒரு புள்ளி என்பது நிறம். சி.டி. ஸ்கேனில் ஒரு புள்ளி என்பது ஒரு அளவு. அந்த இடத்தில் உள்ள பொருள் எக்ஸ்ரேயை எவ்வளவு தடுத்தது என்ற கணக்கு. தண்ணீருக்கு 0. காற்றுக்கு மைனஸ் 1000. கொழுப்பு சுமார் மைனஸ் 100. சதை 30 முதல் 60 வரை. கெட்டியான எலும்பு 1000-ஐயும் தாண்டும். உள்காதைச் சுற்றியுள்ள எலும்பு நம் உடம்பிலேயே மிகக் கெட்டியான எலும்புகளில் ஒன்று.

இந்த அளவுக்கு ஹவுன்ஸ்ஃபீல்ட் யூனிட் என்று பெயர். காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட் டாக்டர் அல்ல, இங்கிலாந்தின் இ.எம்.ஐ. கம்பெனியில் வேலை பார்த்த என்ஜினீயர். ஆமாம், இசைத்தட்டு விற்ற அதே இ.எம்.ஐ.தான். ஸ்கேனருக்கு முன்பு அவர் வேலை பார்த்தது டிரான்சிஸ்டரில் ஓடும் கம்ப்யூட்டர் செய்யும் குழுவில். அவருடைய முதல் சோதனை மெஷின் ஒரு பொருளை அளந்து முடிக்க 9 நாள் ஆனதாம். அந்த எண்களைக் கம்ப்யூட்டர் படமாக்க மேலும் இரண்டரை மணி நேரம். 1971 அக்டோபர் 1-ம் தேதி லண்டனின் அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் முதல் நோயாளியை ஸ்கேன் செய்தார்கள். அன்றைய படம் 80-க்கு 80 புள்ளிகள்தான். 1979-ல் ஆலன் கார்மாக்கோடு சேர்ந்து நோபல் பரிசு பெற்றார். இன்று மாமாவின் தலையைச் சில விநாடிகளில் மெஷின் சுற்றி முடித்துவிட்டது. படுக்கையில் ஏறி இறங்கத்தான் அவருக்கு நேரம் ஆனது.

இந்த எண்கள் சுமார் 4096 படிகளில் இருக்கும். சாதாரண மானிட்டர் காட்டுவதோ 256 சாம்பல் நிறங்கள். அப்படியானால் மீதி? எந்த எண்ணிலிருந்து எந்த எண்வரை பார்க்கிறோம் என்று நாம்தான் வியூவரிடம் சொல்ல வேண்டும். இதற்கு விண்டோ என்று பெயர். நம் விண்டோஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வியூவரில் உள்ள பிரீசெட் பட்டியலில் 'போன்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் எலும்பின் நுணுக்கம் தெரியும். 'பிரெயின்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் அதே காது வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும்.

பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மொபைலில் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோமே, அதில் என்ன போகிறது என்று இப்போது தெரிந்திருக்கும். எண் எல்லாம் போய்விடும். விண்டோவை மாற்ற முடியாது. போதாக்குறைக்கு வாட்ஸ்அப் வேறு படத்தைச் சுருக்கிவிடும். சென்னையில் இருக்கும் டாக்டரிடம் கேட்பதென்றால் போல்டரை ஜிப் செய்து, அவர் சொல்லும் வழியில் அனுப்புங்கள். அதில் பெயரும் வயதும் இருப்பதை மறக்க வேண்டாம். முன்பின் தெரியாத இணையதளங்களில் ஏற்றாதீர்கள். பெயரை நீக்கும் வசதி பல வியூவர்களில் உண்டு. 'அனானிமைஸ்' என்று இருக்கும்.

நான் செய்த தப்பு

அன்று இரவு மாமாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படங்களை உருட்டினேன். பார்க்கக் கற்றுக்கொள்வது கஷ்டமாக இல்லை. செவிப்பறைக்குப் பின்னால் காற்று நிறைந்த ஒரு சின்ன அறை. அதற்குள் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று எலும்புகள். "எல்லாம் நம்ம பட்டறைச் சாமான்தானே மாப்ளே" என்றார் மாமா. ஒரு குறிப்பிட்ட வில்லையில் சுத்தியின் தலையும் பட்டடையின் உடலும் சேர்ந்து கோன் ஐஸ் போலவே தெரியும். டாக்டர்களும் அதை அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். காதுக்குப் பின்னால் கையால் தடவினால் தட்டுப்படும் எலும்புக்குள் தேன்கூடு மாதிரி காற்றறைகள் இருக்கும். காற்று என்பதால் கறுப்பாகத் தெரிய வேண்டும். அங்கே சாம்பல் நிறம் இருந்தால் ஏதோ அடைத்திருக்கிறது என்று பொருள்.

திரையின் இடது பக்கத்தைப் பார்த்தேன். கோன் ஐஸ் அழகாக இருந்தது. அறை கறுப்பாக இருந்தது. தேன்கூடும் இருந்தது. "மாமா, இடது காது நல்லாத்தான் இருக்கு. பெருசா ஒண்ணும் இல்லை" என்றேன்.

ஆபரேஷன் என்ற வார்த்தைக்கே பயந்திருந்தவர் அவர். இது போதாதா? "என் மாப்ளே கம்ப்யூட்டர்லயே பார்த்துட்டான்" என்று வீட்டில் எல்லோரிடமும் சொன்னார். மறுநாள் ரிப்போர்ட் வாங்கப் போகவில்லை. டாக்டரிடமும் போகவில்லை. எனக்கு லீவு முடிந்து பெங்களூரு கிளம்பிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஹார்ட் டிஸ்க்கைச் சுத்தம் செய்யும்போது அந்த போல்டர் கண்ணில் பட்டது. சும்மா திறந்தேன். திரையின் இடது ஓரத்தில் ஆங்கிலத்தில் 'ஆர்' என்ற எழுத்து. வலது ஓரத்தில் 'எல்'. அன்று இரவும் அந்த எழுத்துகள் அங்கேதான் இருந்தன. நான்தான் பார்க்கவில்லை.

ஸ்கேன் படத்தை நோயாளியின் கால் பக்கமிருந்து பார்ப்பது போலத்தான் அடுக்குவார்கள். எதிரே நிற்பவரின் வலது கை நம் இடது பக்கம் இருக்குமே, அதுபோல. திரையின் இடது பக்கம் இருப்பது நோயாளியின் வலது பக்கம். நான் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொன்னது மாமாவின் நல்ல காதை.

வலது பாதிக்கு வந்தேன். தேன்கூடே இல்லை, ஒரே வெள்ளையாக இறுகிய எலும்பு. அறை முழுக்கச் சாம்பல். கோன் ஐஸ் இருந்த இடத்தில் சிதைந்த ஒரு துணுக்கு. உடனே போன் செய்தேன். அத்தைதான் எடுத்தார். பட்டறையில் அரம் வைத்து ராவிக்கொண்டிருந்த மாமா இரண்டு நாள் முன்பு தலை சுற்றித் தடுமாறி மேசையைப் பிடித்துக்கொண்டாராம். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்.

அடுத்த பஸ்ஸில் திண்டுக்கல் வந்தேன். ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு டாக்டரிடம் போனோம். நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. மானிட்டரை மாமா பக்கம் திருப்பி இரண்டு காதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். கொலஸ்டியடோமா என்றார். பெயரைக் கேட்டால் கொலஸ்ட்ரால் மாதிரியும் கட்டி மாதிரியும் இருக்கும், இரண்டும் இல்லை. 1838-ல் யோஹன்னஸ் முல்லர் என்ற ஜெர்மானியர் வைத்த பெயர் அப்படியே நின்றுவிட்டது. காதுக்குள் இருக்கக் கூடாத இடத்தில் தோல் வளர்ந்து, உதிரும் செதில்கள் வெளியேற வழியில்லாமல் சேர்ந்து, சுற்றியுள்ள எலும்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். மாமாவுக்குப் பட்டடை எலும்பின் நீண்ட கால் பகுதி இல்லை. உடம்பைத் தடுமாறாமல் வைத்திருக்கும் அரைவட்டக் குழாய் ஒன்றின் மேல் எலும்பும் அரிக்கப்பட்டிருந்தது. காதை அழுத்தினால் தலை சுற்றியது அதனால்தான். மூளைக்கும் காதுக்கும் நடுவே உள்ள தகடு போன்ற எலும்பு மட்டும் நல்லவேளையாக முழுசாக இருந்தது.

மாமா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நடு லீவரே இல்லையே டாக்டர். அப்புறம் பூட்டு எப்படி வேலை செய்யும்?" என்றார். ஆபரேஷனுக்குச் சம்மதித்தது அப்போதுதான்.

ஸ்கேனுக்கும் தெரியாதவை

மதுரையில் ஆபரேஷன் நடந்தது. முடிந்ததும் சர்ஜன் சொன்ன இரண்டு விஷயங்கள் கம்ப்யூட்டர் ஆசாமியான என்னை யோசிக்க வைத்தன.

ஒன்று, ஸ்கேனில் சாம்பலாகத் தெரிந்தது முழுவதும் கொலஸ்டியடோமா அல்ல. ஒரு பகுதி வெறும் வீங்கிய சவ்வும் தேங்கிய நீரும். சீழ், சவ்வு, செதில் எல்லாம் ஹவுன்ஸ்ஃபீல்ட் எண்ணில் கிட்டத்தட்ட ஒன்றுதான். சி.டி. ஸ்கேன் எலும்பு போன இடத்தைக் காட்டும். அதைத் தின்றது எது என்று உறுதியாகச் சொல்லாது. அதற்கு எம்.ஆர்.ஐ.யில் டிஃப்யூஷன் என்று ஒரு முறை இருக்கிறது. தண்ணீர் மூலக்கூறுகள் நகர முடியாமல் சிக்கியிருக்கும் இடம் அதில் பளிச்சென்று தெரியும். கொலஸ்டியடோமா அப்படித்தான் தெரியும். எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கதிர்வீச்சும் கிடையாது.

இரண்டாவது, முகத்தை அசைக்கும் நரம்பு காது வழியாகத்தான் போகிறது. அதை மூடியுள்ள எலும்பு சரியாகத் தெரியவில்லை என்று ரிப்போர்ட்டில் இருந்தது. திறந்து பார்த்தால் எலும்பு இருந்தது, மிக மெல்லியதாக. ஒரு புள்ளி தன் கட்டத்துக்குள் உள்ள எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி எண்ணைத்தான் எழுதும். கட்டத்தைவிட மெல்லிய எலும்பு அந்தச் சராசரியில் கரைந்துவிடும். போட்டோவைச் சிறிதாக்கினால் மெல்லிய மின்கம்பி மறைந்துபோவதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான். வியூவரில் எவ்வளவு ஜூம் செய்தாலும் இது மாறாது.

இப்போது பலர் ஒரே ஒரு படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஏ.ஐ. சாட்பாட்டில் போட்டு என்ன நோய் என்று கேட்கிறார்கள். முந்நூறு வில்லையில் ஒன்றை, எண்களைத் தொலைத்த நிலையில், காதைப் பார்க்காத ஒன்றிடம் கேட்கிறோம். பதில் தயங்காமல் வரும். என் பதிலும் அன்று தயங்காமல்தான் வந்தது. ரிப்போர்ட்டில் உள்ள வார்த்தைக்கு அர்த்தம் கேட்டுக்கொள்ள அதைப் பயன்படுத்தலாம். டாக்டரிடம் போவதா வேண்டாமா என்று அதனிடம் கேட்காதீர்கள்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் காதில் சீழ் வந்தால் எண்ணெய் ஊற்றாமல் காது டாக்டரிடம் காட்டுங்கள். 2004-ல் வந்த உலக சுகாதார நிறுவனத்தின் அறிக்கையே இந்தியாவைச் சீழ்க்காது மிக அதிகமாக உள்ள நாடுகளின் வரிசையில்தான் வைத்தது. காது கேளாமையைத் தடுக்க 2007 முதல் மத்திய அரசின் திட்டம் ஒன்றும் இருக்கிறது. திண்டுக்கல்லிலேயே 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. மதுரையில் அரசு ராஜாஜி மருத்துவமனை இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள் ஆபரேஷனுக்கு முன்பே அது செல்லுமா என்று மருத்துவமனையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாமாவுக்குச் சீழ் நின்றுவிட்டது, தலைசுற்றலும் இல்லை. இடது காது முன்போலவே மந்தம்தான். முதலில் காதைப் பத்திரமாக்குவோம், கேட்பதைப் பிறகு பார்க்கலாம் என்று சர்ஜன் முன்பே சொல்லியிருந்தார். பூட்டை இப்போதும் வலது காதில்தான் வைத்துப் பார்க்கிறார்.

கொலஸ்டியடோமா திரும்ப வரலாம் என்பதால் அடுத்து ஒரு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். வரும்போது பழைய சிடியையும் கொண்டு வரச் சொன்னார்கள், ஒப்பிட்டுப் பார்க்க. சிடியில் இப்போதே இரண்டு கீறல். ஹார்ட் டிஸ்க்கில் ஒன்றும் பென் டிரைவில் ஒன்றுமாக இரண்டு காப்பி வைத்திருக்கிறேன். போல்டரின் பெயரிலேயே தேதியையும் 'இடது காது' என்பதையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.